ஒன்பது

படிவத்தில் பதினோரு கட்டங்கள்.
ஏழாவது: "ஆட்சேபத்திற்குரிய வசனத்தை
உள்ளது உள்ளபடி எழுதுக."
வெயிலுமுத்து அதை மட்டும் காலியாக விட்டிருந்தார்.

கொக்கிரகுளம், கலெக்டர் ஆபீஸ், மாடியில் கடைசி அறை.
உள்ளூர் கேபிள் விளம்பரக் குழு என்று போர்டு உண்டு.
குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும்,
கூடினால் கேசரி உண்டு.
மற்ற நாளில் நானும் ஒரு டேபிள் ஃபேனும்தான்.

வருகிற புகாரெல்லாம் ஒரே ஜாடை:
முதுகு தெரிகிறது, தொடை தெரிகிறது,
பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க முடியவில்லை.
ஒருத்தர் சோப்பு விளம்பரம் ஒன்றை
மணி, நிமிடம் போட்டு நாற்பது நாள் குறித்து வந்தார்.
ஒரு நாள் விடாமல் பார்த்திருக்கிறார், பாவம்.

இது ஜவுளிக்கடை விளம்பரம். ஆடித் தள்ளுபடி.
கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற ஆள்
சட்டை விலையைச் சொல்லத் தொடங்குவார்.
முதல் எழுத்திலேயே நாக்கு நின்றுவிடும்.
சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். டமாரச் சத்தம்.
"சொல்லத்தான் திக்கும், வாங்கத் திக்காது!"

ஊரே சொன்னது.
பேட்டை மினிபஸ் கண்டக்டர் சொன்னார்,
டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே.

ஒன்பதாவது கட்டம்:
"விளம்பரத்துக்கும் உமக்கும் உள்ள தொடர்பு."
நான்தான் அது, என்று எழுதியிருந்தார்.

நிமிர்ந்து பார்த்தேன். அதே மீசை.
டிவியில் இருந்ததைவிடக் கொஞ்சம் குள்ளம்.

கேமரா வந்த அன்று முதலாளி சொன்னாராம்:
"நீ நில்லுடே, சும்மா வெலயச் சொல்லு,
கொரல பெறவு மாத்திக்கிடலாம்."
பதினாலு தடவை எடுத்தார்கள்.
இரண்டு தடவை திக்காமலே சொல்லியிருக்கிறார்.
அந்த இரண்டும் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

இதை எனக்குச் சொல்லக் கால்மணி நேரம் ஆனது.
நடுவில் மூன்று தடவை
நானே சொல்லை எடுத்துக் கொடுத்தேன்.
மூன்றும் அவர் சொல்ல வந்தது இல்லை.

ஏழாவது கட்டம் காலியென்றால் புகாருக்கு நம்பர் போட முடியாது.
பென்டிரைவைச் செருகி, ஹெட்போன் மாட்டி,
நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதினேன்.
ஒரு 'மு', பக்கத்தில் இன்னொரு 'மு'.
ஏழு வந்தது. அதன் பிறகுதான் முந்நூறு.
வாங்கிப் பார்த்தார். விரல் வைத்து எண்ணினார்.
பேனாவை எடுத்து இன்னும் இரண்டு சேர்த்தார்.
அவர் 'மு' என்னுடையதைவிட அழகு.

குழு கூடியது. கேசரியில் முந்திரி குறைவு.
முதலாளி எழுந்து, "நம்ம கடைப் பையன் சார்,
பதினோரு வருசமாச் சம்பளம் குடுக்கேன்,
வெளியாள் யாரையும் கேலி பண்ணலையே" என்றார்.
பேராசிரியர் விதியைப் படித்தார்.
யாரோ, ஒருதரம் போட்டுப் பார்ப்போமே என்றார்.
போட்டேன்.
சிரிப்பு வந்துவிடக் கூடாதே என்று
ஆளாளுக்கு ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்தார்கள்.
வெயிலுமுத்து மட்டும் திரையைப் பார்த்தார்.

"புண்படுத்தும் நோக்கம் இல்லை எனினும்
மேற்படி ஆறு வினாடிகள் நீக்கப்பட வேண்டும்."
'எனினும்' வரை அவர்கள் சொன்னது.
அந்தச் சொல்லை டைப் அடித்தது நான்.

கேபிள்காரர் போனில் கேட்டார்:
"வெட்டியாச்சு மேடம். அந்த எடத்துல என்ன போடட்டும்?"
ஆணையில் அது இல்லை என்றேன்.

நகல் வாங்க வந்தவர் பேரேட்டில் கையெழுத்திட்டார்.
கடையில் இப்போது குடோனில் போட்டிருக்கிறார்களாம்,
பேச வேண்டிய வேலை இல்லையாம்.
அதைச் சொல்லி முடிக்கும்வரை
நான் வாயைத் திறக்கவில்லை.

ராத்திரி, தோசைக்கு விலை கேட்கிறாற்போல்
என் மகன் அந்த வரியைச் சொல்கிறான்,
'மு'வை இழுத்து இழுத்து.
போன மாதம் இதே வரிக்கு
நான் கரண்டியோடு நின்று சிரித்தது
அவனுக்கு நினைவிருக்கிறது.
என் முகத்தைப் பார்த்துக்கொண்டே
இன்னொரு தரம் சொல்கிறான்.